பரிசு பெற்ற கண்டுபிடிப்பாளர், பங்கு கேட்ட தொழிலாளி: நீல ஒளி வழக்கு

2006ஆம் ஆண்டு பின்லாந்தின் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு, ஜப்பானில் பிறந்த ஷூஜி நாகமுரா என்னும் பொறியாளருக்கு வழங்கப்பட்டது. பரிசுத் தொகை 10 இலட்சம் யூரோ. நீல ஒளி உமிழும் டையோடையும், அதன் வழியே பிறந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கையும் உருவாக்கியமைக்கான சிறப்பு அது. 2014இல் நீல எல்.இ.டி.க்கான இயற்பியல் நோபல் பரிசையும் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டார். இன்று நம் வீட்டுக் கூரையில் எரியும் விளக்கும், கைபேசியில் ஒளிரும் டார்ச்சும் அந்த உழைப்பின் தொடர்ச்சியே.

உலகம் இவ்வாறு கொண்டாடிய கண்டுபிடிப்பின் முக்கியக் காப்புரிமைக்காக, அவர் பணியாற்றிய நிறுவனம் அவருக்கு அளித்த வெகுமதி 20,000 யென். விண்ணப்பித்தபோது 10,000, பதிவானபோது 10,000. இந்தத் தொகையை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு, அறிவியல் பரிசுகளைப் பற்றிய செய்திகளில் வழக்கமாக இடம்பெறாத ஒரு கேள்வியை எழுப்பியது. உழைப்பின் விளைவு சட்டப்படி யாருக்குச் சொந்தம்? உழைத்தவர் ஒருவர், உரிமையாளர் இன்னொருவர் என்பது நம் வாசகர்களுக்குப் புதிய செய்தியன்று. ஆனால் உலகின் தலைசிறந்த ஆய்வாளர் ஒருவருக்கும் அதே நிலை எப்படி வாய்த்தது என்பதைச் சட்டத்தின் துணையுடன் நாம் விளங்கிக்கொள்ள வேண்டியுள்ளது.

பரிசாளர் பட்டியல் சொல்லும் செய்தி

மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு 2004 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வழங்கப்படுகிறது. மக்களின் வாழ்வை மேம்படுத்தும் தொழில்நுட்பங்களுக்கானது அது. முதல் பரிசு வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீக்குக் கிடைத்தது. 2012இல் லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், குருத்தணு ஆய்வாளர் ஷின்யா யமனாகா ஆகிய இருவரும் பெற்றனர். 2020ஆம் ஆண்டுக்கான பரிசை, மரபணு வரிசையை விரைந்து படிக்கும் முறைக்காக, சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியனும் டேவிட் கிளெனர்மேனும் பெற்றனர். 2024இல் பெற்ற ஜெயந்த் பாலிகாவும் சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். 2004 முதல் 2024 வரை முதன்மைப் பரிசு பெற்ற பதின்மூவரில் பெண் ஒருவரே. 2016இல் பெற்ற பிரான்செஸ் அர்னால்ட்.

இப்பட்டியலை வழக்கறிஞர்களின் கண்கொண்டு படித்தால் உரிமையின் வெவ்வேறு வடிவங்கள் தென்படும். பெர்னர்ஸ்-லீயின் வலைத் தொழில்நுட்பத்தை, அவர் பணியாற்றிய ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன், 1993 ஏப்ரல் 30 அன்று பொதுவுடைமையாக அறிவித்தது. டோர்வால்ட்ஸின் மென்பொருள், எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் இடமளிக்கும் உரிமத்தின்கீழ் வளர்ந்தது. அதை ஆயிரக்கணக்கானோர் எழுதினர். பாலிகா முன்னின்று உருவாக்கிய மின்திறன் குறைக்கடத்திக் கருவி, அவர் பணியாற்றிய ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பிறந்தது. எல்லோருக்கும் மேடையில் கிடைத்த மரியாதை ஒன்றே. மேடைக்குப் பின்னாலுள்ள உரிமை ஏற்பாடு ஒவ்வொருவருக்கும் வேறு. அந்த ஏற்பாட்டை நீதிமன்றத்துக்கே இழுத்துச் சென்றவர் நாகமுரா.

நீல ஒளி பிறந்த விதம்

சிவப்பு எல்.இ.டி. 1960களிலேயே வந்துவிட்டது, பச்சையும் பின்தொடர்ந்தது. நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் கைக்கு எட்டவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை ஒளி இல்லை. அதற்கு ஏற்ற பொருள் காலியம் நைட்ரைடு என்று தெரிந்திருந்தும், அதைக் குறையற்ற படிகமாக வளர்ப்பது பெரும் சிக்கலாக இருந்தது. பலர் அதைக் கைவிட்டு வேறு பொருளை நாடினர். நகோயா பல்கலைக்கழகத்தில் அகாசாகியும் அவருடைய மாணவர் அமானோவும் கைவிடவில்லை. 1986இல் தரமான படிகத்தை வளர்த்துக் காட்டினர்.

நாகமுரா பயின்றது ஷிகோகு தீவிலுள்ள தொகுஷிமா பல்கலைக்கழகம். 1979இல் முதுகலைப் பட்டத்துடன் அதே மாவட்டத்திலுள்ள நிச்சியா என்னும் வேதிப்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார். தலைநகரின் புகழ்பெற்ற ஆய்வுக்கூடங்களோடு ஒப்பிட அது சிறு நிறுவனம். அதன் நிறுவனர் நொபுவோ ஒகாவா, நீல எல்.இ.டி. ஆய்வுக்குப் பெரும் பொருட்செலவை அனுமதித்தார். படிகம் வளர்க்கும் நுட்பத்தைக் கற்க அவரை அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினார். முனைவர் பட்டமும் ஆய்வுக் கட்டுரைகளும் இல்லாததால் தாம் அங்கே ஆய்வாளராக மதிக்கப்படவில்லை என நாகமுரா பின்னாளில் கூறியுள்ளார். திரும்பிவந்ததும் கருவியைத் தம் கையாலேயே பிரித்து மாற்றி அமைத்தார். ஒரு வாயுவைத் தகட்டின்மேல் கிடையாகவும் இன்னொன்றை மேலிருந்து கீழ்நோக்கியும் செலுத்தும் அவருடைய இரட்டைப் பாய்ச்சல் முறைதான் பின்னர் வழக்கின் மையமான காப்புரிமை. பதிவெண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைக் கொண்டு அதை ‘404 காப்புரிமை’ என்பர். 1993 நவம்பரில் நிச்சியா பிரகாசமான நீல எல்.இ.டி.யை அறிவித்தது. 1996இல் வெள்ளை எல்.இ.டி. விற்பனைக்கு வந்தது.

வழக்கும் தீர்ப்பும்

1999இல் நாகமுரா நிறுவனத்தை விட்டு விலகி, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் பேராசிரியரானார். வணிக இரகசியங்களை மீறினார் என்று நிச்சியா அமெரிக்காவில் அவர்மீது வழக்குத் தொடுத்தது. அவரோ 2001இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தை அணுகினார்.

அவர் பற்றி நின்ற சட்டப்பிரிவை நாம் கவனிக்க வேண்டும். ஜப்பானின் காப்புரிமைச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, பணியின்போது உருவாகும் கண்டுபிடிப்பின்மீதான உரிமை முதலில் ஊழியருக்கே உரியது என்று அப்போது கொண்டிருந்தது. நிறுவனம் அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நியாயமான ஈடு கொடுக்க வேண்டும். நிறுவனத்தின் உள்விதி நிர்ணயித்த தொகை போதாது எனில், குறைபடும் தொகையை ஊழியர் கோரலாம் என்று ஒலிம்பஸ் வழக்கில் ஜப்பான் உச்சநீதிமன்றம் 2003இல் தெளிவுபடுத்தியது.

நாகமுராவின் முதல் கோரிக்கை தோற்றது. காப்புரிமை நிறுவனத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. அது இனி நிறுவனத்துக்கே சொந்தம் என 2002இல் இடைக்காலத் தீர்ப்பு வந்தது. எஞ்சிய கேள்வி ஈட்டுத் தொகை மட்டுமே. 2004 ஜனவரி 30 அன்று நீதிமன்றம் அதற்கு விடையளித்தது. அந்த ஒரு காப்புரிமையின் தனியுரிமையால் நிறுவனம் அடையும் இலாபம் சுமார் 12,080 கோடி யென். நாகமுராவின் பங்களிப்பு ஐம்பது விழுக்காட்டுக்குக் குறையாது. ஆகவே அவருக்குரியது சுமார் 6,040 கோடி யென். அவர் கேட்டிருந்தது 2,000 கோடி யென் என்பதால் அதை முழுவதுமாக வழங்க ஆணையிட்டது. முன்பு கிடைத்த 20,000 யென்னைப் போல் அது பத்து இலட்சம் மடங்கு.

நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2005 ஜனவரியில், டோக்கியோ உயர் நீதிமன்றத்தின் பரிந்துரைப்படி, வட்டியும் சேர்த்துச் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஏற்பட்டது. ஒரு காப்புரிமைக்கு மட்டுமன்றி, அந்நிறுவனத்தில் அவர் செய்த கண்டுபிடிப்புகள் அனைத்துக்கும் சேர்த்தே இத்தொகை. கண்டுபிடிப்பாளரின் பங்களிப்பு இங்கே ஐந்து விழுக்காடாகக் கணக்கிடப்பட்டது. நாகமுரா வேறு வழியின்றி ஏற்றார். நீதித்துறையை வெளிப்படையாகக் கண்டித்தார்.

ஐம்பதா, ஐந்தா?

இரு தரப்பையும் நேர்மையாக எடைபோட வேண்டும். நிறுவனம் சொன்னவை வெறும் சாக்குகள் அல்ல. தோற்றிருந்தால் முதலீடு முழுவதும் அதற்கு நட்டம். ஊழியரின் மாதச் சம்பளம் நின்றிருக்காது. ஆய்வும் தனியொருவரின் வேலையன்று. பிரகாசமான நீல எல்.இ.டி.யை அறிவித்த 1994ஆம் ஆண்டுக் கட்டுரையில் நாகமுராவுடன் தகாஷி முகாய், மசாயுகி செனோ ஆகியோரின் பெயர்களும் உள்ளன. நோபல் மேடையில் அவர்களுக்கு இடமில்லை. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது என்பது அதன் விதி. இலாபத்தில் பாதி ஒருவருக்கே சேர்ந்தால், அவர்களின் பங்கு எங்கே என்ற கேள்வியும் நியாயமானதே.

ஆனால் இந்த வாதங்கள் எதுவும் 20,000 யென்னை நியாயப்படுத்தவில்லை. முதலீட்டின் இடரைச் சுமந்தவருக்கு இலாபத்தில் பங்குண்டு என்றால், தம் வாழ்நாளின் பத்தாண்டுகளை அதே இடரில் வைத்தவருக்கும் பங்குண்டு. நாகமுராவின் கூற்றுப்படி, தலைமை மாறிய பிறகு ஆய்வை நிறுத்தச் சொல்லி நிறுவனமே அவருக்கு ஆணையிட்டது. அதை மீறித்தான் அவர் தொடர்ந்தார். குழு உழைப்பு என்ற உண்மை, குழுவில் உள்ள அனைவருக்கும் பங்கைக் கூட்ட வேண்டிய காரணம். நடைமுறையில் அது ஒருவரின் பங்கைக் குறைக்கும் கருவியாகவே பயன்பட்டது; குறைந்த தொகை முகாய்க்கோ செனோவுக்கோ போய்ச் சேர இவ்வழக்கில் வழியேதும் இல்லை.

சட்டமே மாறியது

2004 டிசம்பரில் அல்ல, 2014 டிசம்பரில் நாகமுரா நோபல் பதக்கத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டே ஜப்பானிய நாடாளுமன்றம் 35ஆவது பிரிவைத் திருத்தியது. 2016 ஏப்ரல் 1 முதல், ஒப்பந்தத்திலோ பணி விதியிலோ முன்கூட்டியே எழுதிவைத்தால், கண்டுபிடிப்பின் உரிமை தொடக்கத்திலிருந்தே நிறுவனத்துக்கு உரியதாகும். ஊழியருக்கு நியாயமான பலன் தரும் கடமை நீடிக்கிறது. ஆனால் அது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ‘உரிமை ஊழியருடையது, நிறுவனம் விலை கொடுத்துப் பெற வேண்டும்’ என்பதிலிருந்து, ‘உரிமை நிறுவனத்துடையது, ஊழியருக்கு ஏதேனும் தர வேண்டும்’ என்ற இடத்துக்குச் சட்டம் நகர்ந்தது. மேடையில் கிடைத்த மரியாதை அந்த நகர்வைத் தடுக்கவில்லை.

பிற நாடுகளில் நிலை வேறு. ஜெர்மனியில் ஊழியர் கண்டுபிடிப்புகளுக்கென 1957 முதல் தனிச் சட்டம் உண்டு. பிரிட்டனின் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி, காப்புரிமையால் நிறுவனம் தனிச்சிறப்பான பலன் அடைந்திருந்தால் மட்டுமே ஊழியர் பங்கு கேட்கலாம். இரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவிக்கு அடிப்படையான நுட்பத்தை 1982இல் உருவாக்கிய இயன் ஷாங்க்ஸ், யூனிலீவருக்கு எதிராக 2006இல் விண்ணப்பித்து, 2019இல் உச்சநீதிமன்றம்வரை போராடித்தான் 20 இலட்சம் பவுண்டு பெற்றார்.

இந்தியாவில்?

நம் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் ஊழியருக்கு ஈடு தரவேண்டும் என்ற பிரிவே இல்லை. உண்மையான முதல் கண்டுபிடிப்பாளருக்கு விண்ணப்பிக்கும் உரிமையை 6ஆவது பிரிவு தருகிறது. பணி ஒப்பந்தத்தில் இடும் கையெழுத்து அதை நிறுவனத்துக்கு மாற்றிவிடுகிறது. 28ஆவது பிரிவின்படி கண்டுபிடிப்பாளர் தம் பெயர் காப்புரிமையில் இடம்பெறக் கோரலாம். காப்புரிமை வழங்கப்படும் முன்பே கோர வேண்டும். அப்படிப் பெயர் இடம்பெறுவதால் மட்டும் காப்புரிமையில் எந்த உரிமையும் கிடைக்காது என்றும் அதே பிரிவு கூறுகிறது.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு நாம் கூறுவது மூன்று. சேரும்போதே உங்கள் கல்வி நிறுவனத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நாளிட்ட ஆய்வுக் குறிப்பேட்டை ஒருநாளும் விடாமல் எழுதுங்கள். பின்னாளில் பங்களிப்பை மெய்ப்பிக்கும் சான்று அதுவே. உங்கள் ஆய்வு காப்புரிமைக்குச் செல்லும்போது கண்டுபிடிப்பாளர் பட்டியலில் யார் பெயர் உள்ளது என்பதை விண்ணப்பத்தின் நகலைப் பார்த்தே உறுதிசெய்யுங்கள்.

செயற்பாட்டாளர்கள் முன்னுள்ள பணி இன்னும் பெரிது. ஊழியர் கண்டுபிடிப்புக்கு நியாயமான ஈடு என்பதை நம் சட்டத்தில் எழுதச் செய்ய வேண்டும். அது குழுவில் உழைத்த ஒவ்வொருவருக்கும் சென்று சேரும் வகையில் எழுதச் செய்ய வேண்டும். நாகமுராவால் நீதிமன்றப் படியேற முடிந்தது அவர் உலகப் புகழ்பெற்றவர் என்பதால் அன்று. அவருடைய நாட்டுச் சட்டப் புத்தகத்தில் அன்றைக்கு அந்த ஒரு பிரிவு இருந்தது.