சிங்கப்பூர்ச் சாலையில் சைக்கிள்: எங்கே, எவ்வளவு வேகம்?

சிங்கப்பூரில் சைக்கிள் ஓட்ட உரிமம் வேண்டாம். ஆனால் எந்தப் பாதையில் ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விதி மாறும்.

நடைபாதையில் ஓட்டலாம் என்பது ஊரிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு வியப்பாக இருக்கும். உச்ச வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். 2019 பிப்ரவரிக்கு முன் அது 15 ஆக இருந்தது. வேகமானி இல்லையே என்கிறீர்களா? மெல்லோட்டம் ஓடுபவரைச் சட்டென்று தாண்டிப் போனால், வேகம் கூடிவிட்டது என்று கொள்ளுங்கள். சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 வரை போகலாம். 2025 ஜூலை 1 முதல் இன்னொன்றும் சேர்ந்தது: சைக்கிள் பாதையை ஒட்டி, நடப்பவர்களுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட பாதையில் சைக்கிள் ஏறக்கூடாது. பெடல் உதவி மின்சைக்கிளுக்கோ எந்த நடைபாதையிலும் இடமில்லை.

நடைபாதையில் ஆபத்து அதிகம் உள்ள இடம் கார் நிறுத்துமிடத்தின் வாசல். வெளியே வந்து இடப்பக்கம் திரும்பும் ஓட்டுநர், வலப்பக்கமிருந்து வரும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு இடப்பக்கமிருந்து வரும் சைக்கிள் கண்ணில் படாது. வழி உங்களுடையது என்று நம்பிப் போகாதீர்கள். அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகே கடக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. சாலையைக் கடக்கும் இடத்தில் நின்று, இரு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும் என்பது சட்டமே.

சாலையில் இறங்கினால் தலைக்கவசம் கட்டாயம். இடது ஓரமாக, போக்குவரத்து போகும் திசையிலேயே போக வேண்டும். எதிர்த்திசையில் வரவே கூடாது. சிவப்பு விளக்கு உங்களுக்கும்தான். விரைவுச்சாலைக்குள் நுழைய அனுமதி இல்லை. ஒரே திசையில் இரண்டு தடமாவது உள்ள சாலையில் இருவர் இணையாக ஓட்டலாம், ஆனால் பேருந்துத் தடம் செயல்படும் நேரத்தில் அந்தத் தடத்தில் கூடாது. 2022 முதல் ஒரு குழுவின் நீளம் ஐந்து சைக்கிளைத் தாண்டக்கூடாது. ஒற்றை வரிசை என்றால் 5 பேர், இரட்டை என்றால் 10 பேர்.

சட்டம் சொல்கிறதோ இல்லையோ, இடப்பக்கம் திரும்பும் லாரிக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவே நுழையாதீர்கள். அந்த இடைவெளி ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாமல் போகலாம். லாரி திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட ஓரத்தை ஒட்டி வரும். பின்னால் நின்று அது திரும்பும்வரை காத்திருப்பதில் அரை நிமிடம் போகும், அவ்வளவுதான்.

கைபேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது குற்றம். 2021 செப்டம்பரிலிருந்து சைக்கிளில் ஒரு கைப்பிரேக்காவது இருக்க வேண்டும். இருட்டு வேளையில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். விடிவதற்கு முன்பே தங்குவிடுதியிலிருந்து வேலைக்குக் கிளம்பும் தம்பிகள், வேறு எதை வாங்காவிட்டாலும் இந்த இரண்டு விளக்குகளையும் முதலில் வாங்கி மாட்டுங்கள்.