எடைக் கருவிக்குக் கொழுப்பு தெரிவது எப்படி?

ஸ்மார்ட் எடைக் கருவி கொழுப்பை நேரடியாக அளப்பதே இல்லை. அது அளப்பது மின்தடையை. வெறுங்காலோடு ஏறி நின்றதும் மிக மெல்லிய மாறுதிசை மின்னோட்டம், பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குகிறது. தசையில் முக்கால் பங்கு தண்ணீர். அதில் கரைந்த உப்புகளால் மின்சாரம் எளிதில் பாயும். கொழுப்பில் நீர் குறைவு, தடை அதிகம். இத்தடையோடு உயரம், எடை, வயது, பாலினத்தையும் சேர்த்து ஒரு சூத்திரம் சதவீதத்தை ஊகிக்கிறது.

பெரிய குறை, மின்னோட்டம் மேலுடம்பைப் பெரும்பாலும் தொடாததுதான். உடல்நலத்துக்கு அதிகம் கேடான தொப்பைக் கொழுப்பு கணக்கில் சரியாக வராது. உடலில் நீர் வற்றினாலும் எண் கூடும். ஆகவே தினமும் ஒரே நேரத்தில் ஏறி, மாதக்கணக்கிலான ஏற்ற இறக்கத்தை மட்டும் பாருங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்தக் கொழுப்பு அளவீட்டைத் தவிர்த்தே ஆக வேண்டும்.