கோப்பு வந்ததும் தானே ஓடும் கட்டளை

வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று மும்பையிலும் பிற பெருநகரங்களிலும் இணைய வசதியைத் தொடங்கிய பிறகு, மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கிடைத்தது ‘ஷெல்’ கணக்கு. படம் கிடையாது, எழுத்து மட்டும். அந்த ஷெல் இன்றும் லினக்ஸ் சர்வர்களில் உயிரோடு இருக்கிறது. அதில் நாம் தட்டும் கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால், அதுதான் ஷெல் ஸ்கிரிப்ட்.

அதை வேளை பார்த்து ஓட்டுவதற்குப் பழைய ஆள் ‘கிரான்’. நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து, புதுக் கோப்பு வந்ததா என்று பார்க்கும் ஸ்கிரிப்டை ஓட்டும். தபால்காரரை எதிர்பார்த்து வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பதைப் போல! 2005 ஆகஸ்டில் வந்த லினக்ஸ் கெர்னல் 2.6.13-இல் ‘இன்நோட்டிஃபை’ சேர்ந்தது. இது வாசல் மணி. கோப்பு மாறிய கணமே கெர்னல் தகவல் சொல்லும். ‘இன்நோட்டிஃபைவெயிட்’ என்ற இலவச நிரல் அதைக் கேட்டு நம் ஸ்கிரிப்டுக்குச் சொல்லும்.

மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த அச்சகம் ஒன்றில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு இப்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். தாராவியிலிருந்து ஒரு குடும்பம் அனுப்பிய கோப்பு பாதி இறங்கும்போதே ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது. அவசரத்தில் யாரும் ப்ரூஃப் பார்க்கவில்லை. 300 பத்திரிகைகள், தாய்மாமன் பெயர் இல்லாமல்! அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

காரணம் எளியது. ‘கிரியேட்’ என்ற அறிவிப்பு, கோப்பின் பெயர் தோன்றியதுமே வரும். உள்ளே எழுத்து வந்து சேர்ந்திருக்காது. ‘குளோஸ் ரைட்’ என்பது எழுதி மூடிய பிறகு வருவது. ஆனால் இணைப்பு அறுந்தாலும் கோப்பு மூடப்படலாம். ஆகவே நான் சொல்வது இது: தற்காலிகப் பெயரில் ஏற்றி, முழுதும் வந்த பின் பெயரை மாற்றுங்கள். ஸ்கிரிப்ட் ‘மூவ்டு டூ’ அறிவிப்புக்கு மட்டும் காத்திருக்கட்டும்.

ஸ்கிரிப்ட் உண்டாக்கும் கோப்பை வேறு அடைவில் போடுங்கள்; இல்லாவிட்டால் தன் வேலையைத் தானே கண்டு ஓயாமல் ஓடும். கணிப்பொறி அணைந்திருந்த நேரத்தில் நடந்த மாற்றங்களுக்கும், பொது அடைவில் வேறு கணிப்பொறி செய்த மாற்றங்களுக்கும் மணி அடிக்காது. அவற்றுக்காக இரவில் ஒரு முறை கிரானையும் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.