கரன்ட் இல்லை, மைனஸ் 40 டிகிரி குளிர்.. மாடுகள் குடிக்கும் தண்ணீர் உறையாமல் காப்பது எப்படி?

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தைக் கடும் பனிப்புயல் தாக்கியது நினைவிருக்கலாம். டல்லாஸ் நகரில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. மின் விநியோகம் நிலைகுலைந்து 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் கடைகளும் இருட்டில் கிடந்தன.

அந்த நாட்களின் செய்திகளில் அதிகம் பேசப்படாத ஒன்று, மாடுகளின் தாகம். கரன்ட் போனதும் போர்வெல் மோட்டார் நின்றது. தொட்டித் தண்ணீரைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரும் நின்றது. குட்டைகள் எல்லாம் பாளம் பாளமாக உறைந்துபோக, பண்ணைக்காரர்கள் கோடரியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

டெக்சாஸுக்கு அது எப்போதாவது வரும் குளிர். ஆனா அங்கிருந்து வெகுதூரம் வடக்கே போனால், கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன், அமெரிக்காவின் மொன்டானா, வடக்கு டகோட்டா பகுதிகளில் நவம்பர் முதல் மார்ச் வரை இதுதான் அன்றாடம். சில இரவுகளில் மைனஸ் 40 வரைகூட போகும். மேய்ச்சல் நிலமோ மின்கம்பம் எட்டாத தூரத்தில் இருக்கும். அங்கே நூற்றுக்கணக்கான மாடுகளுக்குக் கரன்ட் இல்லாமலே தண்ணீர் காட்டுகிறார்கள். எப்படி?

குளிர்காலத்தில் மாட்டுக்குத் தாகம் எடுக்குமா?

எடுக்கும். இறைச்சிக்காக வளர்க்கும் ஒரு பெரிய மாடு, பால் கொடுக்காத நிலையிலும் குளிர்காலத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். கன்றுக்குப் பால் கொடுக்கும் மாடு என்றால் இன்னும் கூடுதல். 100 மாடு இருந்தால் தினமும் 3,000 லிட்டர் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் தாகத்தைவிடப் பெரிய சிக்கல் பசி. தண்ணீர் குறைந்தால் மாடு தீனி எடுப்பதும் குறையும். காய்ந்த வைக்கோலும் புல்லும் முதல் இரைப்பையில் ஊறி நொதிக்கத் தண்ணீர் வேண்டும். அந்த நொதித்தலில் பிறக்கும் சூடுதான் மைனஸ் 30-லும் மாட்டின் உடம்பைக் காக்கிறது. தொட்டி உறைந்தால் தண்ணீர் போச்சு, அதோடு தீனி போச்சு, அதோடு சூடும் போச்சு.

குதிரைகளுக்கு வேறு ஒரு ஆபத்து. தண்ணீர் ஜில்லென்று இருந்தால் அவை குறைவாகத்தான் குடிக்கும். குடல் அடைத்துக்கொண்டு 'கோலிக்' எனப்படும் கடும் வயிற்று வலி வந்து, சில நேரம் உயிரே போய்விடும்.

தண்ணீர் எப்படி உறைகிறது?

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளி வெள்ளையாகும் போட்டோக்களைப் பார்த்திருப்பீர்கள். அது வெயில் வந்ததும் கரைந்துவிடும். வடக்கே அந்த வசதி கிடையாது. ஒருமுறை உறைந்தது பல வாரம் அப்படியே நிற்கும்.

தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்குக் கீழே குளிரக் குளிர லேசாகி மேலே வரும். அதனால்தான் தொட்டியோ குட்டையோ மேற்பரப்பில் இருந்து உறைய ஆரம்பிக்கிறது. காற்று படும் இடமும் அதுதான்.

இன்னொரு விஷயம் நமக்குச் சாதகமானது. ஒரு லிட்டர் தண்ணீர் 80 டிகிரியில் இருந்து 0 டிகிரிக்கு ஆற எவ்வளவு வெப்பத்தை இழக்க வேண்டுமோ, ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தை, 0 டிகிரியில் இருக்கும் தண்ணீர் முழுசாகக் கட்டியாவதற்கும் இழக்க வேண்டும். அதாவது, தண்ணீர் அவ்வளவு லேசில் உறைந்துவிடாது. அதன் சூடு வெளியே ஓடாமல் பிடித்து வைத்தால் நிறைய நேரம் கிடைக்கும். கரன்ட் இல்லாத உத்திகள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் நிற்கின்றன. புதிதாகச் சூடு உண்டாக்குவதை விட, இருக்கிற சூட்டை விடாமல் பிடிப்பதுதான் வேலை.

உப்புத் தண்ணி பாட்டில் வேலை செய்யுமா?

சமூக வலைதளங்களில் அதிகம் சுற்றுவது இந்த யோசனைதான். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் உப்புக் கரைசலை நிரப்பி, மூடி, தொட்டியில் மிதக்க விடுவது. உப்புத் தண்ணீர் உறையாது, அதனால் தொட்டியும் உறையாது என்பது வாதம்.

பாதிதான் உண்மை. பாட்டிலுக்குள் இருக்கும் உப்பு வெளியே இருக்கும் தண்ணீருக்கு எந்தச் சூட்டையும் கொடுக்காது. காற்றில் பாட்டில் ஆடும்போது அதைச் சுற்றி மெல்லிய ஏடு உடைகிறது, அவ்வளவுதான். அந்த வேலையை ஒரு டென்னிஸ் பந்துகூடச் செய்யும். 0 டிகிரியை ஒட்டிய இரவில் கொஞ்சம் கைகொடுக்கும். காற்றே இல்லாத மைனஸ் 15-ல் பாட்டில் கட்டிக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். இன்னும் குளிர்ந்து சுமார் மைனஸ் 21-க்குக் கீழே போனால், எவ்வளவு உப்பு போட்டிருந்தாலும் பாட்டிலுக்குள் இருப்பதும் உறைந்துவிடும்.

சரி, உப்பைத் தொட்டியிலேயே கொட்டினால்? கூடவே கூடாது. உறையாமல் தடுக்கும் அளவுக்கு உப்பு போட்டால் அது மாடு குடிக்கக்கூடிய தண்ணீரே இல்லை. காருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் அதைவிட மோசம். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் விலங்குகள் நக்கிக் குடிக்கும், சிறுநீரகம் செயலிழந்து சாகும்.

இந்த பாட்டிலை விடப் பல மடங்கு பலன் தருவது ஒரு மூடி. தொட்டியைச் சுற்றியும் அடியிலும் தெர்மாகோல் போன்ற ஃபோம் பலகை, மேலே அதே பலகையில் மூடி, மாடு வாய் வைக்க மட்டும் ஓர் ஓட்டை. அகலமான ஆழமில்லாத தொட்டியை விட, குறுகலான ஆழமான தொட்டி நல்லது. காற்று படும் பரப்பு குறைவு என்பதுதான் காரணம். சிலர் தொட்டியைச் சுற்றிச் சாணத்தைக் குவித்து வைப்பதும் உண்டு. அது மட்கும்போது கொஞ்சம் சூடும் தரும்.

பூமிக்குள் இருக்கும் வெப்பம்

மேலே மைனஸ் 40 என்றாலும் நிலத்துக்குள் ஓர் எல்லை வரைதான் குளிர் இறங்கும். கனடாவின் புல்வெளிப் பகுதியில் அந்த எல்லை 2 மீட்டரைத் தாண்டவும் வாய்ப்புண்டு. அதனால் அங்கே தண்ணீர்க் குழாய்களைச் சுமார் 8 அடி ஆழத்தில் புதைப்பது வழக்கம். அதற்குக் கீழே மண் ஆண்டு முழுவதும் 0 டிகிரிக்குச் சில டிகிரி மேலேயே இருக்கும். நமக்கு அது ஃப்ரிட்ஜ் தண்ணீர், அந்த ஊர் ஜனவரிக்கு அது வெந்நீர் மாதிரி!

இதைப் பயன்படுத்தும் ஒரு வகைத் தொட்டி கடைகளிலேயே கிடைக்கிறது. தடித்த ஃபோம் சுவர் கொண்ட பிளாஸ்டிக் பெட்டி. மேலே குடிக்கும் துளைகள். ஒவ்வொரு துளையையும் அடியிலிருந்து ஒரு மிதக்கும் பந்து மூடியிருக்கும். மாடு மூக்கால் பந்தை அமுக்கினால் தண்ணீர், எடுத்தால் மூடிக்கொள்ளும். பெட்டிக்கு அடியில் ஒரு அகலக் குழாய் செங்குத்தாகப் பூமிக்குள், உறையும் எல்லையையும் தாண்டி இறங்குகிறது. அதன் வழியே மண்ணின் வெப்பம் மேலே ஏறும்.

ஒரு நிபந்தனை உண்டு. மாடுகள் போதிய எண்ணிக்கையில் வந்து குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவை குடிக்கக் குடிக்கத்தான் பூமியிலிருந்து புதுத் தண்ணீர், அதாவது புதுச் சூடு, பெட்டிக்குள் வரும். 50 மாட்டுக்கான பெட்டியை வாங்கி 4 மாட்டுக்கு வைத்தால் அது உறைந்துவிடும். வாங்கியவர்கள் பலர் ஏமாறுவது இங்கேதான்.

மாடே அடிக்கும் அடிபம்பு

இந்த எல்லா உத்திகளிலும் நம்மை நிமிர்ந்து பார்க்க வைப்பது ஆல்பர்ட்டா பண்ணைகளில் இருந்து வந்த 'மூக்கு பம்ப்'. நம்ம ஊர் தெருவில் இருக்கும் அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்பது மனிதன் இல்லை, மாடு. அதுவும் மூக்கால்.

நிலத்தில் ஒரு அகலமான குழாயைச் செங்குத்தாக, பல அடி ஆழத்துக்கு இறக்குகிறார்கள். சாலைக்கு அடியில் பாலமாகப் போடும் பெரிய குழாய் அளவு இருக்கும். பார்க்க நம்ம உறைகிணறு மாதிரிதான். (இந்த உறைகிணறு உறையாது என்பதுதான் விசேஷம்!) பக்கத்தில் ஒரு பண்ணைக்குட்டை இருந்தால், அதன் அடியிலிருந்து பூமிக்குள்ளேயே ஒரு குழாய் போட்டு இந்தக் கிணற்றோடு இணைத்துவிடுவார்கள். குட்டையில் எவ்வளவு மட்டம் இருக்கிறதோ அதே மட்டத்துக்குக் கிணற்றிலும் தண்ணீர் நிற்கும்.

கிணற்றின் தலையில் ஒரு சின்னக் கிண்ணம், அதன் எதிரே ஒரு லீவர். பம்பின் பிஸ்டன் அடியில், தண்ணீருக்குள் இருக்கும். மாடு கிண்ணத்தில் தலையை விட்டு லீவரை மூக்கால் தள்ளினால் ஒவ்வொரு தள்ளலுக்கும் கொஞ்சம் தண்ணீர் மேலே வரும். மாடு தள்ளுவதை நிறுத்தியதும் குழாயில் மிச்சம் இருக்கும் தண்ணீர் உறையும் எல்லைக்குக் கீழே வடிந்துவிடும். மேலே தேங்கினால்தானே உறையும்? தேங்குவதற்கே ஒன்றும் இல்லை. போதாததற்கு, அகலக் குழாய் வழியே பூமியின் வெப்பம் மேலேறி கிண்ணத்தின் அடியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கரன்ட், பேட்டரி, கேஸ் எதுவும் வேண்டாம்.

மாட்டுக்கு இதை யார் சொல்லிக் கொடுப்பது? குளிர் வருவதற்கு முன்பே வேறு தண்ணீரை அடைத்துவிட்டு, மந்தையை இந்த பம்பின் பக்கம் விடுவார்கள். முதலில் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும்படி வைப்பார்கள். ஆர்வக்கோளாறு பிடித்த ஒரு மாடு நக்கப் போய் லீவரைத் தள்ளிவிடும், தண்ணீர் வரும். அதைப் பார்த்து அடுத்தது. ஒருமுறை கற்ற மாடு அடுத்த ஆண்டு புதுசுகளுக்கு வாத்தியார் ஆகிவிடுகிறது.

குறையும் இருக்கிறது. சின்னக் கன்றுகளால் தள்ள முடியாது, அவற்றுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். தண்ணீர் ரொம்ப ஆழத்தில் இருந்தால் மாட்டின் மூக்குக்கும் அது பளு. ஒரு நேரத்தில் ஒரு மாடுதான் குடிக்கலாம் என்பதால் வலுத்தது நின்றுகொண்டு இளைத்ததை விரட்டும். ஆனாலும் இதற்கு இன்னொரு பெரிய பயன் உண்டு. குட்டையைச் சுற்றி வேலி போட்டுவிடலாம். தண்ணீர் தேடிப் பனிப்பாளத்தின் மேல் நடந்துபோய், பாளம் உடைந்து மாடுகள் குட்டையில் மூழ்குவது அந்தப் பகுதிகளில் நிஜமான ஆபத்து. சாதாரணமாக அவை கூட்டமாகத்தான் போகும் என்பதால் ஒன்று மட்டும் விழுந்தோடு முடிவதில்லை.

ஓடும் தண்ணீர், சுரங்க லாரி டயர்

மலைச்சரிவில் ஊற்று இருந்தால் வேலை எளிது. ஊற்றுத் தண்ணீரைப் பூமிக்குள் குழாய் வழியே தொட்டிக்குக் கொண்டுவந்து, நிரம்பி வழிவதை இன்னொரு குழாயில் தூரமாக விட்டுவிடுவார்கள். ராத்திரி பகலாகத் தண்ணீர் மாறிக்கொண்டே இருப்பதால் முழுசாக உறைய நேரமே கிடைக்காது. மொன்டானா, வயோமிங் பக்கம் இதற்குத் தொட்டியாகப் பயன்படுவது சுரங்கங்களில் ஓடும் ராட்சத லாரிகளின் தேய்ந்த டயர். தடிமனான ரப்பர் என்பதால் சூட்டைப் பிடிக்கும், கருப்பு என்பதால் வெயிலை உறிஞ்சும், மாடு முட்டினாலும் உடையாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வழியும் தண்ணீரைத் தொட்டி அருகிலேயே விட்டால் அந்த இடம் பனிச்சறுக்கு மைதானமாகி மாடுகள் காலை உடைத்துக்கொள்ளும்.

வெயிலை நம்பியும் தொட்டி செய்கிறார்கள். மூன்று பக்கம் ஃபோம், தெற்குப் பக்கம் மட்டும் கண்ணாடி போன்ற தகடு, உள்ளே கருப்புத் தொட்டி. டிசம்பரில் சஸ்கட்டூன் நகரில் பகலே 8 மணி நேரத்துக்கும் குறைவு என்பதால் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க விவசாயிகள் தொட்டிக்குள்ளேயே ஒரு இரும்பு அடுப்பை முக்கி, விறகும் நிலக்கரியும் மக்காச்சோளச் சக்கையும் எரித்தார்கள். வேலை செய்தது. ஆனா ராத்திரியில் எழுந்து யாராவது விறகு போட வேண்டும்.

இதெல்லாம் இல்லாதவருக்குக் கோடரிதான். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. உடைத்த கட்டிகளை உள்ளேயே விட்டால் அவை சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வெளியே அள்ளிப் போட வேண்டும்.

பனியையே தின்னவிட்டால்?

இதுவும் நடக்கிறது. பழகிய மாடுகள் மேய்ந்துகொண்டே நாக்கால் பனியை வாரித் தின்று தேவையான தண்ணீரை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் பனி புதிதாக, மெத்தென்று, சுத்தமாக இருக்க வேண்டும். புதுப் பனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர். 30 லிட்டர் வேண்டும் என்றால் 300 லிட்டர் பாத்திரம் நிறையப் பனி! மிதிபட்டு இறுகிய பனி, மேலே பொருக்கு கட்டிய பனி எல்லாம் உதவாது. பால் கொடுக்கும் மாடு, இளைத்த மாடு ஆகியவற்றை இப்படி விடக்கூடாது. பனி எந்த நாளும் நின்றுபோகலாம் என்பதால் மாற்றுத் தண்ணீர் ஏற்பாடு கட்டாயம் இருக்க வேண்டும்.

பனி நின்றுபோவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மங்கோலிய மேய்ப்பர்களின் மொழியே சாட்சி. கால்நடைகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் குளிர்காலத்துக்கு அங்கே 'ஸூட்' என்று பெயர். அதில் வெள்ளை ஸூட் என்றால், அளவுக்கு மீறிய பனி புல்லை மூடிவிட்டது. இரும்பு ஸூட் என்றால், புல்லின் மேல் பனிக்கட்டி ஓடாகப் படிந்துவிட்டது. கருப்பு ஸூட் என்றால் பனியே விழவில்லை. குளிர் இருக்கிறது, ஆறும் கிணறும் உறைந்து கிடக்கின்றன, தின்னப் பனி இல்லை, மந்தை தாகத்தில் சாகிறது என்று அர்த்தம்.