இழுத்தடிப்புக்குத் தேதி போடுங்கள்

பட்டா மாறுதலுக்கோ, தொழிற்பேட்டைக்குக் கொடுத்த நிலத்தின் இழப்பீட்டுக்கோ அலையும் ஓசூர்ப் பக்கத்து விவசாயி சொல்வது, ‘இழுத்தடிக்கிறாங்க’. தெலுங்கு பேசும் வீடுகளில் இதையே ‘சாகதீஸ்துன்னாரு’ என்பார்கள்.

தாமதம் வேறு, இழுத்தடிப்பு வேறு. மழை தாமதமாகலாம், அது யார் குற்றமும் இல்லை. முடிக்கக்கூடிய வேலையை வேண்டுமென்றே நீட்டி, ஆளை அலைய விடுவதுதான் இழுத்தடிப்பு. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, யாரும் விடாமல் நிற்பது இழுபறி, கன்னடத்தில் ‘எளெதாட்ட’. கோர்ட்டில் கேட்கும் வாய்தா, வாக்குறுதி என்று பொருள்படும் உருதுச் சொல்லிலிருந்து வந்தது.

இந்த மாவட்டத்துக்குத் தெரிந்த பெரிய இழுபறி தென்பெண்ணை. நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளுக்கு வரும் ஆறு அது. அதன் துணையாறான மார்க்கண்டேய நதியில், கோலார் மாவட்டம் யர்கோளில் கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு 2018-ல் உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்பாயம் கேட்டு மத்திய அரசை அணுகும்படி 2019 நவம்பர் 14-ல் நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடும் அந்த மாதமே கேட்டது. பேச்சில் தீராது என்று தெரிந்தால், கோரிக்கை வந்த ஓராண்டுக்குள் தீர்ப்பாயம் அமைக்க வேண்டும் என்பது சட்டம். ஓராண்டு முடிந்தது, தீர்ப்பாயம் வரவில்லை. பேச்சுவார்த்தைக் குழு, கால அவகாசம் என்று ஆண்டுகள் ஓடின. அதற்குள் அணையும் கட்டி முடிந்துவிட்டது. இழுபறி நீண்டால், காத்திருப்பவருக்குத்தான் நட்டம்.

ஆற்றுக்கு நடந்தது ஒரு ஏக்கர்க்காரருக்கும் நடக்கும். மனுவில் ‘இழுத்தடிக்கிறார்கள்’ என்று மட்டும் எழுதினால் அதற்குப் பதில் வராது. எந்தத் தேதியில் மனு கொடுத்தது, ஒப்புகைச் சீட்டு எண் என்ன, எந்தத் தேதியில் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று வரிசையாக எழுத வேண்டும்.

அதன் பிறகும் அசையவில்லை என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, ‘என் மனு இப்போது யாரிடம், எந்தத் தேதி முதல் இருக்கிறது?’ என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள், அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

இழுப்பவர் யார் என்று காகிதத்தில் வந்துவிட்டால், மேற்கொண்டு இழுப்பது அவருக்கு அத்தனை சுலபமில்லை.