தடையற்ற வணிகத்தின் வக்கீல்

தடையற்ற வணிகத்துக்காக வாழ்நாள் முழுக்க வாதாடியவர் என்று பெயரெடுத்த பொருளியலாளர் ஜெகதீஷ் பகவதி, முதலில் கவனம் பெற்றதே எதிர்த்திசையில்தான். ஏற்றுமதிப் பொருளை ஒரு நாடு மேலும் மேலும் விளைவித்துக் குவித்தால், உலகச் சந்தையில் அதன் விலை சரிந்து, அந்த நாடு முன்பைவிட ஏழையாகக்கூடும் என்று 1958-ல் அவர் நிறுவினார். அப்போது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை. ‘வறுமையாக்கும் வளர்ச்சி’ என்ற அந்தக் கருத்து இன்றும் பொருளாதார வகுப்புகளில் பாடம்.

1934-ல் மும்பையில் பிறந்தவர். சிடன்ஹாம் கல்லூரியில் தொடங்கிய படிப்பு, கேம்பிரிட்ஜ், எம்.ஐ.டி. என்று நீண்டது. அறுபதுகளில் டெல்லி பொருளாதாரப் பள்ளியில் பேராசிரியர். எதை இறக்குமதி செய்வதென்றாலும் லைசென்ஸ் வேண்டும் என்றிருந்த காலம் அது.

1963-ல் வி.கே. ராமசாமியுடன் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் அவருடைய ஆய்வின் அச்சாணி. பயிற்சி பெற்ற தொழிலாளர் இல்லாமல் ஒரு தொழில் திணறுகிறதா? பயிற்சிக்கு மானியம் கொடுங்கள். அதை விட்டுவிட்டு வெளிநாட்டுச் சரக்குக்குச் சுங்க வரி போட்டால், பயிற்சிக் குறை அப்படியே இருக்கும். வாங்குபவருக்குத்தான் விலை ஏறும். கோளாறு எங்கேயோ, வைத்தியமும் அங்கேயே. ‘வறுமையாக்கும் வளர்ச்சி’ பற்றிப் பேசியவர் தடையற்ற வணிகத்தின் பக்கம் நின்றதில் முரண் இல்லை. வணிகம் எப்போது கெடுதல் செய்யும் என்பதைத் துல்லியமாக வரையறுத்ததால், மற்ற இடங்களில் கதவைத் திறக்கத் துணிவோடு சொல்ல முடிந்தது.

லைசென்ஸ் ஆட்சியின் விலையை 1970-ல் பத்மா தேசாயுடனும், 1975-ல் டி.என். ஸ்ரீநிவாசனுடனும் எழுதிய நூல்களில் விரிவாகக் கணக்கிட்டார். இந்தியா கதவைத் திறந்தது 1991-ல்தான். எழுபதுகளில் அவர் தொடங்கிய ஆய்விதழில்தான், மதிப்பீட்டாளர்கள் வரவேற்காதபோதும், பால் க்ருக்மனின் 1979 கட்டுரையை வெளியிட்டார். க்ருக்மனின் 2008 நோபல் பரிசுக்கு அடித்தளமிட்ட கட்டுரைகளில் அது ஒன்று. நாட்டுக்கு நாடு தனித்தனி ஒப்பந்தம் போட்டால் வணிக விதிகள் இடியாப்பச் சிக்கலாகிவிடும் என்றும் பிற்காலத்தில் எச்சரித்தார்.

ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மானியம் கொடுக்கக் கஜானாவில் பணம் வேண்டும்; சுங்க வரியோ பணத்தைக் கொண்டுவரும். ஏழை அரசுகள் எதை நாடும் என்பது வெளிப்படை. ஆனாலும், இறக்குமதி வரியை உயர்த்தக் கோரும் எந்தத் தொழிலிடமும் முதலில் கேட்க வேண்டியது பகவதியின் கேள்விதான்: உங்கள் கோளாறு உண்மையில் துறைமுகத்தில்தான் இருக்கிறதா?