சோற்றைக் குறை, பொரியலைக் கூட்டு

சத்தான சாப்பாட்டுக்கு மாறும் வேலை மளிகைச் சீட்டில் தொடங்குகிறது. அலமாரியில் சிப்ஸ் பாக்கெட்டை அடுக்கி வைத்துக்கொண்டு பிள்ளையிடம் கீரையின் அருமையைப் பேசிப் பயனில்லை. எதை, எப்போது சமைப்பது என்பது பெரியவர்கள் கையில் இருக்கிறது. தட்டில் வைத்ததில் எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடலாம் என்பதே குழந்தை ஊட்டத்தில் பரவலாக ஏற்கப்பட்ட முறை. நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ்: ‘என்ன வேண்டும்’ என்று பிள்ளையைக் கேட்டுச் சமைத்துவிட்டு, ‘இன்னும் ஒரு வாய்’ என்று துரத்துகிறோம்.

சென்னை அடையாறில் இந்த மாற்றத்துக்கு வசதியும் உண்டு, இடைஞ்சலும் உண்டு. பக்கத்துத் திருவான்மியூர் மார்க்கெட்டில் அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை எல்லாம் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். சாமையும் தினையும் சாதாரண மளிகைக் கடைக்கே வந்துவிட்டன. செல்போனில் தட்டினால் ஐஸ்கிரீமும் சில நிமிடங்களில் வாசலுக்கு வந்துவிடுகிறது. 1954 முதல் இயங்கும் புற்றுநோய் மருத்துவமனைக்கும், ஊர் ஊராகக் கிளை பரப்பிய இனிப்புக் கடைக்கும் பெயர் கொடுத்த ஊர் அல்லவா!

எவ்வளவு மாற்ற வேண்டும்? ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி என்று கணக்குச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ப அளவு மாறும். விகிதம் ஏறக்குறைய இதுதான். சென்னை வீட்டு மதியச் சாப்பாட்டை இதன் பக்கத்தில் வைத்தால் குறை பளிச்சென்று தெரியும். சாம்பார், ரசம், தயிர் என்று மூன்று சுற்றுச் சோறு. ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். புதிதாக எந்தப் பண்டத்தையும் தேடி ஓட வேண்டாம். சோற்றில் ஒரு சுற்றைக் குறைத்து, பொரியலையும் கூட்டையும் இரட்டிப்பாக்கி, சாம்பாரில் பருப்பைத் தாராளமாகப் போட்டாலே பாதி தூரம் வந்தாயிற்று.

டிபனில் மாற்றத்தை மாவரைக்கும் நாளில் செய்யலாம். இட்லிக்கு நாலு பங்கு அரிசி ஊறப்போடுகிற வீட்டில் ஒரு பங்கைச் சாமையாக்கினால் நிறமும் ருசியும் அவ்வளவாக மாறாது. பழகியபின் இரண்டு பங்கு. கேழ்வரகு கொஞ்சம் பொறுத்து வரட்டும். அதன் கருநிறத்தைப் பார்த்தே முகம் சுளிக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. இதையெல்லாம் ஒளித்துச் செய்ய வேண்டாம். தானியத்தை அளந்து போடும் வேலையைப் பிள்ளையிடமே கொடுத்தால், அதுவே பாடம்.

புதுக் காய் ஒன்றைப் பிள்ளை ஒதுக்கிவிட்டால் ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று தீர்ப்பெழுதுவது அவசரம். பத்துப் பதினைந்து முறை சுவைத்த பிறகே பல பிள்ளைகளுக்கு ஒரு சுவை பழகுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு போதும். ‘பாகற்காய் சாப்பிட்டால் சாக்லேட்’ என்ற பேரம் மட்டும் கூடாது. சாக்லேட்டின் மதிப்புதான் ஏறும், பாகற்காய் தண்டனையாகிவிடும். பிள்ளையின் உடல் பருமனைச் சாப்பாட்டு வேளையில் பேசுவதும் அதே அளவுக்குக் கெடுதல்.

பள்ளி வயதுப் பிள்ளைக்குச் சர்க்கரையைக் கண்ணால் காட்டுவது நல்லது. ஒரு 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கும். அதை டீஸ்பூனால் ஒரு டம்ளரில் போட்டுக் காட்டினால் ஏழு ஸ்பூனுக்குக் குறையாது. ஒரு நாளைக்கு 25 கிராமைத் தாண்டாதிருப்பது உத்தமம். பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்கவும் பழக்கலாம். பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களைக்கூட ‘ஆரோக்கிய பானம்’ என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. 2025-இல் சிபிஎஸ்இ, சர்க்கரை அளவை விளக்கும் பலகைகளை வைக்கும்படி தன் பள்ளிகளுக்கு உத்தரவிட்டது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. விதி எப்படி அமலாகிறது என்பதைப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்றால் பார்க்கலாம்.

நொறுக்குத்தீனியை அடியோடு நிறுத்துவதும் நடக்காத காரியம். அதற்கும் ஊரிலேயே விடை இருக்கிறது: எலியட்ஸ் பீச்சில் விற்கும் தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல். புரதச்சத்து, நார்ச்சத்து, கொஞ்சம் வைட்டமின் சி எல்லாம் ஒரே பொட்டலத்தில். வீட்டில் செய்தால் உப்பும் நம் கையில்.

சாப்பாட்டு மாற்றத்தால் மட்டும் தீராத குறைகளும் உண்டு. தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் ஏறும்; சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். பிள்ளை வெளிறி, எப்போதும் சோர்ந்திருந்தால் டாக்டரிடம் காட்டி ஹீமோகுளோபினைப் பார்த்துவிடுங்கள். வயிற்றில் பூச்சி இருந்தாலும் சத்து ஒட்டாது. அதற்கான மாத்திரை பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இலவசமாகவே தரப்படுகிறது.